ஆள் கேட்ட ரோம், தோல் கேட்ட ரோம்

கி.பி. 9இல், ஜெர்மானியாவின் டியூட்டோபர்க் காட்டில், செருஸ்கி என்ற ஜெர்மானிய இனத்தின் தலைவர் அர்மினியஸ், ரோமானிய ஆளுநர் வாரஸின் மூன்று லீஜியன்களை (பெரும்படைப் பிரிவுகளை) அழித்தார். அந்தக் காட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரே விளக்கம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அடர்ந்த காடு, சதுப்பு நிலம், விடாத மழை, யாருக்கும் அடங்காத மனிதர்கள். அதனால்தான் ரோமானியர்கள் ரைன் ஆற்றோடு நின்றுவிட்டார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ரோம், இத்தாலியின் அப்பெனைன் மலைக்காடுகளில் சாம்னைட்டுகள் என்ற மலைவாழ் இனத்தோடு கி.மு. 343 தொடங்கி 290 வரை மூன்று போர்கள் நடத்தியிருக்கிறது. கி.மு. 321இல் கௌடியக் கணவாயில் ரோமின் இரண்டு கான்சல்களும் (ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் தலைமை அதிகாரிகள்) படையோடு மாட்டிக்கொண்டு, ஈட்டிகளால் கட்டிய நுகத்தடிக்குக் கீழே ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தார்கள். அவமானம் என்றால் அப்படியொரு அவமானம். அப்போதும் ரோம் விலகிப் போகவில்லை. சாம்னியத்தில் நிறுத்தாத காடும் மலையும் ஜெர்மானியாவில் மட்டும் எப்படி நிறுத்தின?

இந்தக் கேள்வியைக் கிளறிவிடுபவர் வெல்லெயஸ் பாட்டர்குலஸ். கி.பி. 30இல் ஒரு சுருக்க வரலாறு எழுதியவர். அதற்கு முன், கி.பி. 4 முதல், பின்னாளில் பேரரசரான டைபீரியஸின் கீழ் ஜெர்மானியாவில் குதிரைப்படை அதிகாரியாக இருந்து, எல்பே ஆற்றங்கரை வரை போனவர். அவருடைய மூதாதை மினாட்டியஸ் மேகியஸ், சாம்னைட்டுகளின் ஒரு கிளையான ஹிர்பினிகளின் ஏக்லானம் ஊர்க்காரர். கி.மு. 91இல் இத்தாலிய இனங்கள் ரோமுக்கு எதிராக எழுந்தபோது மினாட்டியஸ் ரோம் பக்கம் நின்றார். சொந்த இனத்திலேயே ஒரு லீஜியன் திரட்டி, ஹெர்குலேனியத்தைப் பிடிக்கவும் பாம்பேயை முற்றுகையிடவும் உதவினார். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த வெல்லெயஸ், கிளர்ச்சிக்காரர்களைப் பற்றி எழுதும்போது அவர்களுடைய கோரிக்கை மிக நியாயமானது என்கிறார். எந்தப் பேரரசைத் தங்கள் ஆயுதங்களால் காத்தார்களோ, அதன் குடியுரிமையைத்தானே கேட்டார்கள் என்கிறார். அதே நூலில் பின்னால் அர்மினியஸ் வருகிறார். அவரும் ரோமின் படையில் பணிபுரிந்தவர். குடியுரிமையும் குதிரைவீரர் என்ற உயர்குடித் தகுதியும் பெற்றவர். ஆனால் அங்கே ஜெர்மானியர்கள் பொய் சொல்லவே பிறந்த கூட்டம் ஆகிவிடுகிறார்கள்.

வெல்லெயஸின் ஓரவஞ்சனை என்று சொல்லிக் கடந்துபோகலாம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. இத்தாலியர்கள் உள்ளே வரப் போரிட்டார்கள், அர்மினியஸ் வெளியேறப் போரிட்டார். அவர்களுடைய குணத்தில் இந்த வித்தியாசத்தைத் தேடுவது வீண். தோற்றவனிடம் ரோம் என்ன கேட்டது என்பதில்தான் அது இருக்கிறது.

கி.மு. 338

ரோமின் அண்டை ஊர்களான லத்தீன் நகரங்கள் சேர்ந்து ரோமை எதிர்த்துத் தோற்ற ஆண்டு இது. ரோம் அப்போது செய்த ஏற்பாடு, உலகத்தின் எந்தப் பேரரசும் எழுத்தில் விட்டுப்போன ஏற்பாடுகளிலேயே கெட்டிக்காரத்தனமானது என்பது என் கட்சி. தோற்ற எல்லோருக்கும் ஒரே தண்டனை கிடையாது. லனூவியம், அரீசியா, நோமென்டம், பெடம் ஆகிய ஊர்களுக்கு முழுக் குடியுரிமை. வெலிட்ரேயின் மதில் இடிக்கப்பட்டது. அதன் மன்ற உறுப்பினர்கள் டைபர் ஆற்றுக்கு அக்கரைக்கு நாடுகடத்தப்பட்டார்கள். ஆன்டியத்தின் போர்க்கப்பல்களில் சில எரிந்தன, அவற்றின் வெண்கல மூக்குகள் ரோமின் சந்தை மைதானத்தில் பேச்சு மேடையை அலங்கரிக்கப் போயின. கபுவா, ஃபுண்டி போன்றவற்றுக்கு வாக்குரிமை இல்லாத அரைக் குடியுரிமை. மிச்ச லத்தீன் ஊர்களுக்கு விதித்ததைத்தான் கவனிக்க வேண்டும்: அவர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்து எடுக்கக் கூடாது, தங்களுக்குள் வணிகம் கூடாது, சேர்ந்து சபை கூட்டக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் ரோமோடு மட்டும்தான் உறவு.

இதில் இல்லாத ஒன்று உண்டு: ஆண்டுதோறும் கட்டும் கப்பம். பின்னர் சாம்னைட்டுகள், மார்சிகள், உம்பிரியர்கள், லூகானியர்கள் என்று ஒவ்வொருவராக அடங்கியபோதும் இதே வழிதான். தோற்றவனின் நிலத்தில் ஒரு பகுதி பறிக்கப்படும். அங்கே குடியேற்ற ஊர் ஒன்று எழும்: கி.மு. 334இல் காலெஸ், 314இல் லுசேரியா, 291இல் வெனூசியா, 268இல் பெனவென்டம். கி.மு. 312இல் கபுவா வரை ஆப்பியன் சாலை போட்டாயிற்று. குடியேற்ற ஊர் இரண்டு இனங்களுக்கு நடுவே ஆப்பு அடித்த மாதிரி உட்காரும். ஆனால் மிச்ச நிலம், கோயில், மொழி, ஊராட்சி எல்லாம் தோற்றவனுக்கே. பதிலுக்கு ரோம் கேட்டது ஆள்.

அந்த ஆள் கேட்கும் முறையை கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் படிப்படியாகச் சொல்கிறார். போர் வருகிறது என்றால் கான்சல்கள் நட்பு நகரங்களுக்கு, அதாவது இப்படித் தோற்று இணைந்த ஊர்களுக்கு, சொல்லி அனுப்புவார்கள்: இத்தனை பேர், இந்த நாள், இந்த இடம். ஆட்களைப் பொறுக்குவது, உறுதிமொழி வாங்குவது, தளபதியையும் சம்பளம் பட்டுவாடா செய்பவரையும் நியமிப்பது எல்லாம் அந்த நகரத்து அதிகாரிகளின் வேலை. முகாமுக்கு வந்து சேர்ந்ததும் கான்சல்கள் நியமித்த 12 ரோமானிய அதிகாரிகள் அவர்களைப் பிரிப்பார்கள். குதிரைவீரர்களில் மூன்றில் ஒரு பங்கும் காலாட்களில் ஐந்தில் ஒரு பங்கும் தேர்ந்தெடுத்த தனிப்படையாகக் கான்சலின் அருகே நிற்கும். மொத்தத்தில் நட்பினரின் காலாட்கள் ரோமானியக் காலாட்களுக்குச் சமமாகவும், குதிரைகள் மூன்று மடங்காகவும் இருக்கும். காலாளுக்கு மாதம் மூன்றில் இரண்டு மெடிம்னஸ் கோதுமை, அதாவது சுமார் 35 லிட்டர். ரோமானிய வீரனுக்கு அந்தக் கோதுமையின் விலை சம்பளத்தில் பிடித்தம். நட்பு வீரனுக்கோ அது இலவசம். ஆனால் அவன் சம்பளத்தை அவன் ஊர்தான் தர வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் என்னவென்றால், ரோம் போருக்குப் போகாத ஆண்டில் அதற்கு நட்பினரிடமிருந்து கிடைப்பது ஒன்றுமில்லை. காசாக வாங்கியிருந்தால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். ஆளாக வாங்கியதால் ஆண்டுதோறும் படை கிளப்ப வேண்டியிருந்தது. படை கிளம்பினால் கொள்ளையும் நிலமும் வந்தன. நேற்றுத் தோற்ற மார்சி இன்று வேறொருவனை வென்று பங்கு வாங்கினான். கி.மு. 225இல் கெல்டுகளுக்கு எதிராக எடுத்த கணக்கில் சாம்னைட்டுகளின் பங்கு 70,000 காலாள், 7,000 குதிரை. லத்தீன்களின் பங்கு 80,000 காலாள், 5,000 குதிரை. இத்தாலி முழுவதும் சேர்த்து ஏழு லட்சத்துக்கு மேல் காலாட்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து கான்னேயில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமானியப் படையை அரைத்தெடுத்துவிட்டு, பிடிபட்ட நட்பு வீரர்களைப் பணம் வாங்காமல் விடுவித்துப் பார்த்தார். கபுவா போனது, சாம்னைட்டுகளில் பலர் போனார்கள். சாம்னைட்டுகளின் இன்னொரு கிளையான பென்ட்ரிகள் போகவில்லை. கி.மு. 209இல் 30 லத்தீன் குடியேற்ற ஊர்களில் 12 ஊர்கள் இனி ஆளும் இல்லை, பணமும் இல்லை என்று கைவிரித்தன. மிச்ச 18 ஊர்கள் கேட்டதற்கு மேலும் தருகிறோம் என்றன. கைவிரித்த 12 கூட எதிரிக்குக் கதவு திறக்கவில்லை.

ஊர்வலத்தில் மௌனம்

ஏற்பாடு கெட்டுப்போனதும் அதன் வெற்றியால்தான். கி.மு. 167இல் மாசிடோனியாவிலிருந்து வந்த செல்வத்தில் ரோம் தன் குடிமக்களுக்குப் போர்வரியையே நிறுத்திவிட்டது. நட்பு ஊர்கள் மட்டும் தங்கள் வீரர்களுக்குத் தாங்களே சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தன. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 177இல், கான்சல் கையஸ் கிளாடியஸின் வெற்றி ஊர்வலத்தில் நட்பு வீரர்களுக்குக் குடிமக்களுக்குக் கொடுத்ததில் பாதிதான் கொடுத்தார்கள். வழக்கமாகத் தளபதியின் தேருக்குப் பின்னால் வீரர்கள் பாட்டும் கேலியுமாகப் போவார்கள். அன்று நட்பு வீரர்கள் வாயே திறக்காமல் நடந்தார்கள், அவர்கள் கோபத்தில் இருப்பது பார்த்தாலே தெரிந்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

ரோமின் சீர்திருத்தத் தலைவர் கையஸ் கிராக்கஸ் ஒரு பேச்சில் சொன்ன சம்பவங்கள் இன்னும் கசப்பானவை. டீயானம் என்ற ஊருக்கு ஒரு கான்சல் வருகிறார். அவர் மனைவிக்கு ஆண்கள் குளியலறையில் குளிக்க ஆசை. குளித்துக்கொண்டிருந்தவர்களை வெளியேற்றும்படி ஊரின் கருவூல அதிகாரிக்கு உத்தரவு. இடம் சீக்கிரம் காலியாகவில்லை, சுத்தமாகவும் இல்லை என்று அந்த அம்மாள் குறை சொல்ல, சந்தையில் கம்பம் நட்டு, ஊரின் முதல் மனிதரான அந்த அதிகாரியின் உடையை உருவிப் பிரம்பால் அடித்தார்கள். செய்தி கேட்ட காலெஸ் ஊர்க்காரர்கள், ரோமானிய அதிகாரி ஊரில் இருக்கும்போது யாரும் பொதுக் குளியலறைப் பக்கம் போகக் கூடாது என்று அறிவிப்பே போட்டுவிட்டார்கள்.

கி.மு. 91இல் ரோமானிய அரசியல்வாதி மார்க்கஸ் லிவியஸ் ட்ரூசஸ் இத்தாலியர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் கொண்டுவரப் பார்த்துக் கொலையானதும் இத்தாலி வெடித்தது. மார்சிகளின் போப்பேடியஸ் சீலோவும் சாம்னைட்டுகளின் பாபியஸ் முட்டிலஸும் தலைவர்கள். கோர்ஃபினியம் தலைநகர். அவர்கள் அமைத்த அரசைப் பாருங்கள்: 500 பேர் கொண்ட செனட், ஆண்டுக்கு இரண்டு கான்சல்கள், 12 பிரேட்டர்கள் (கான்சலுக்கு அடுத்த நிலை அதிகாரிகள்). காளை ஓநாயை முட்டித் தள்ளும் நாணயம் ஒருபுறம். மறுபுறம் அச்சு அசல் ரோமின் நகல். ரோம் போரில் திணறியது, இரண்டு ஆண்டுகளில் இரண்டு கான்சல்களைப் பலிகொடுத்தது, கடைசியில் கேட்டதைக் கொடுத்துவிட்டது. கி.மு. 90இல் கிளர்ச்சியில் சேராதவர்களுக்குக் குடியுரிமை. அடுத்த ஆண்டுச் சட்டப்படி, 60 நாட்களுக்குள் ரோமில் பிரேட்டர் முன் பெயர் பதிந்தால் மற்றவர்களுக்கும். அதிலும் ஒரு கள்ளத்தனம்: புதியவர்களின் வாக்கு பழையவர்களை மூழ்கடிக்கக் கூடாது என்று அவர்களை எட்டே வாக்குக் குழுக்களில் அடைக்கப் பார்த்தார்கள். அதுவும் நிற்கவில்லை. கி.மு. 115 கணக்கெடுப்பில் 3,94,336 ஆக இருந்த குடிமக்கள், கி.மு. 70இல் சுமார் 9 லட்சம். சாம்னைட்டுகளுக்கு மட்டும் முடிவு நல்லதாக இல்லை. கி.மு. 82இல் ரோம் நகரின் கொல்லைன் வாசலில் தோற்றார்கள், பிடிபட்டவர்களை ரோமானியத் தளபதி சுல்லா கூட்டமாக வெட்டிக் கொன்றார்.

ரோமின் தேவை மாறியது

ஜெர்மானியாவுக்கு வரும்போது ரோமிடம் இருந்ததும் இல்லாததும் இடம் மாறிவிட்டன. கி.மு. 338இன் ரோமுக்கு நிலையான படை கிடையாது, ஆள்தான் மூலதனம். முதல் பேரரசர் அகஸ்டஸின் ரோமில் 28 லீஜியன்கள், ஆண்டு முழுவதும், சம்பளத்துக்கு. ஒரு லீஜியன் வீரனுக்கு ஆண்டுக்கு 225 டெனாரியஸ். ஓய்வு பெறும்போது 3,000 டெனாரியஸ். கி.பி. 6இல் இதற்கென்றே தனிக் கருவூலம் தொடங்கி, தன் கையிலிருந்து 17 கோடி செஸ்டெர்ஸ் போட்டு, ரோமானியக் குடிமக்கள் மேலேயே 5 சதவீத வாரிசு வரி விதித்து, எல்லோருடைய முணுமுணுப்பையும் அகஸ்டஸ் வாங்கிக் கட்டிக்கொண்டார். இப்படிப்பட்ட அரசு புதிதாக ஒரு நாட்டைப் பிடித்தால் முதலில் எதைக் கேட்கும்? வாரஸ் ஜெர்மானியாவுக்கு வந்தது இந்தச் சூழ்நிலையில். காடு, சதுப்பு, துரோகம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

வாரஸுக்கு முன்னால் நிலைமை மோசமில்லை என்பதற்கு மண்ணே சாட்சி. லான் ஆற்றங்கரையில், இன்றைய வால்ட்கிர்மெஸில், கி.மு. 4 வாக்கில் வெட்டிய மரங்களால் ஒரு ஊரே கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். படைமுகாம் இல்லை, ஊர். நடுவில் கல் அடித்தளத்தோடு மன்றம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் உள்ளூர் ஜெர்மானியர் கையால் வனைந்தவையும் உண்டு. 2009இல் அங்கே ஒரு கிணற்றிலிருந்து பொன்முலாம் பூசிய வெண்கலக் குதிரைத் தலை கிடைத்தது. ஜெர்மானியர்கள் சந்தை கூடவும் அமைதியாகக் கூட்டம் போடவும் பழகிக்கொண்டிருந்தார்கள், தாங்கள் மாறுவதே தெரியாமல் மாறிக்கொண்டிருந்தார்கள், வாரஸ்தான் அவசரப்படுத்திக் அடிமைப்பட்ட நாடுகளிடம் பறிப்பதுபோலப் பணம் பறித்தார் என்று வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ எழுதுகிறார். வாரஸ் அங்கே நீதிமன்றம் நடத்தினார். ஜெர்மானியர்களும் இல்லாத வழக்கையெல்லாம் ஜோடித்துக்கொண்டு வந்து, கத்தியால் தீர்த்ததைச் சட்டத்தால் தீர்க்கிறீர்களே என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். செருஸ்கித் தலைவர்களில் ஒருவரான செகெஸ்டெஸ் எச்சரித்தார். வாரஸ் காதில் விழவில்லை. கி.பி. 9இல் 17, 18, 19ஆம் லீஜியன்களும், மூன்று குதிரைப்படைகளும், ஆறு துணைப்படைப் பிரிவுகளும் போயின. பெரும்பாலானோர் அந்தப் போர்க்களமாகக் கருதும் கால்க்ரீசவில் ஒரு கோவேறு கழுதையின் எலும்புகள் கிடைத்தன. அதன் கழுத்து மணி ஓசை எழாதபடி வைக்கோல் திணித்து அடைக்கப்பட்டிருந்தது.

இருந்தாலும் வரியின் வேலையை அணுக்கத்தில் பார்க்க வேண்டுமானால் வாரஸை விட்டுவிட்டு ஃபிரிசியர்களிடம் போக வேண்டும். வடகடல் ஓரத்தில் மாடு வளர்த்துப் பிழைத்தவர்கள். டைபீரியஸின் தம்பியும் தளபதியுமான ட்ரூசஸ் (முன்பு சொன்ன ட்ரூசஸ் அல்ல) அவர்களுக்கு விதித்தது இலேசான வரி: படைக்கு மாட்டுத் தோல் தர வேண்டும். கூடாரம், கேடய உறை, செருப்பு, வார் எல்லாமே தோல் என்பதால் படைக்கு அது நல்ல பொருள். ஏழைகளான அவர்களுக்கும் கொடுக்கக் கூடியது. தோலின் அளவு, தடிமன் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை. பல ஆண்டுகள் சிக்கல் இல்லை. பிறகு ஒலென்னியஸ் என்ற மூத்த செஞ்சூரியன் (நூற்றுவர் படைத் தலைவர்) பொறுப்புக்கு வந்தார். காட்டெருதின் தோலை எடுத்து, இதுதான் அளவு என்றார். அந்தக் கடலோரத்து வீட்டு மாடு தோள் உயரம் சுமார் 1.1 மீட்டர்தான், காட்டெருது ஆண் ஆளுயரம் நிற்கும். எத்தனை மாட்டை அறுத்தாலும் அந்த அளவில் ஒரு தோல் வராது. முதலில் மாடுகள் போயின, பிறகு நிலம், பிறகு மனைவியும் பிள்ளைகளும் அடிமைகளாக. முறையிட்டார்கள், பலனில்லை. கி.பி. 28இல் வரி வாங்க வந்த சிப்பாய்களைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். ஒலென்னியஸ் கோட்டைக்குள் ஓடித் தப்பினார். அடக்க வந்த படையில் 900 பேர் படுஹென்னா என்ற தோப்பில் மாண்டார்கள்; இன்னும் 400 பேர், ரோமின் படையில் முன்பு இருந்த ஒருவரின் பண்ணை வீட்டில் சிக்கி, காட்டிக்கொடுக்கப்படுவோமென்று அஞ்சி ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள்.

ஆள் கேட்கும் முறையில் இந்தக் கோளாறு நேராது. நூறு ஆள் என்றால் நூறு ஆள். அளவுகோலை மாற்ற வழியில்லை. எண்ணி அனுப்புவதும் அவனவன் ஊர் அதிகாரி. ஆனால் ஜெர்மானியாவில் அந்த ஊர் அதிகாரி எங்கே? இத்தாலிய இனங்களிடம் மன்றம் இருந்தது, பெயர்ப்பட்டியல் இருந்தது. இங்கே தலைவனையும் அவன் மகன்களையும் பிடிப்பதைத் தவிர வேறு பிடி இல்லை. என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதில் வலுவானது இதுதான், இதை நான் தள்ளவும் மாட்டேன்.

வீசர் ஆற்றின் இரு கரை

கி.பி. 16இல் ரோமானியத் தளபதி ஜெர்மானிகஸின் படை வீசர் ஆற்றங்கரைக்கு வந்தபோது, எதிர்க்கரையில் நின்ற அர்மினியஸ் தம்பியோடு பேச வேண்டும் என்று கேட்டார். தம்பி ஃபிளாவஸ் ரோமின் படையிலேயே நின்றவர், டைபீரியஸின் கீழ் போரிட்டு ஒரு கண்ணை இழந்தவர். வில்லாளிகளை விலகச் சொல்லிவிட்டு, முகத்துக்கு என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டார். தம்பி இடத்தையும் போரையும் சொன்னார். அதற்கு என்ன கிடைத்தது? கூடுதல் சம்பளம், கழுத்து வளையம், விருதுக் கிரீடம். அடிமைத்தனம் இவ்வளவு மலிவா என்று அண்ணன் சிரித்தார். பேச்சு முற்றி, ஃபிளாவஸ் குதிரையும் ஆயுதமும் கொண்டுவரச் சொல்லிக் கத்த, ஸ்டெர்டினியஸ் என்ற அதிகாரி ஓடிவந்து தடுத்தார். அர்மினியஸ் மறுகரையிலிருந்து போருக்கு அறைகூவினார், பெரும்பகுதி லத்தீனில். ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிய இந்தக் காட்சியில் எவ்வளவு நாடகம், எவ்வளவு நடந்தது என்று தெரியாது. ஆனால் அண்ணன் கேட்ட கணக்கு சரியான கணக்கு. இரண்டு நூற்றாண்டாக நிலமும் கொள்ளையும் பகிர்ந்த மார்சிக்கு ரோமில் சொத்து இருந்தது. ட்ரூசஸ் ரைனைக் கடந்த கி.மு. 12இலிருந்து கி.பி. 9 வரை இருபது ஆண்டுகளில் செருஸ்கிகளுக்குக் கிடைத்தது தலைவன் மகனுக்கு ஒரு பட்டம், மற்றவர்களுக்கு வரி.

பழைய முறை ஜெர்மானியரிடம் செல்லுபடியாகாது என்பவர்கள் பட்டாவியர்களைப் பார்க்க வேண்டும். ரைன் முகத்துவாரத் தீவில் வாழ்ந்த இவர்களுக்கு வரி இல்லை. ஆளும் ஆயுதமும் மட்டும். கி.மு. 338இன் ஒப்பந்தத்தை அப்படியே எடுத்து வைத்த மாதிரி. எட்டு துணைப்படைப் பிரிவுகள் கொடுத்தார்கள், தலைமை அவர்களுடைய பிரபுக்களே. கி.பி. 69இல் இவர்களும் கிளம்பினார்கள், ஆனால் எதனால்? ஆள் எடுக்க வந்தவர்கள் கிழவர்களையும் நோயாளிகளையும் பிடித்து, லஞ்சம் வாங்கிக்கொண்டு விடுவித்தார்கள். சிறுவர்களை இச்சைக்கு இழுத்துப்போனார்கள். ஆள் கேட்பதையே காசு கேட்பதாக மாற்றிவிட்டார்கள். 25 ஆண்டுகள் ரோமின் முகாமில் இருந்த ஜூலியஸ் சிவிலிஸ் தலைமையில் எழுந்த கிளர்ச்சி இரண்டு லீஜியன்களைச் சரணடைய வைத்தது. அடக்கிய பிறகும் ரோம் வரி போடவில்லை, கி.பி. 98இல் டாசிட்டஸ் எழுதும்போதும் பட்டாவியர்கள் வரியில்லாதவர்கள்தான். அதே காலத்தில் வட பிரிட்டனின் விண்டோலாண்டா கோட்டையில் பட்டாவியப் பிரிவு ஒன்று இருந்தது. அங்கே கிடைத்த மரப்பலகைக் கடிதம் ஒன்றில் மாஸ்கலஸ் என்ற சிறு அதிகாரி, தளபதி ஃபிளேவியஸ் செரியாலிஸுக்கு எழுதுகிறார்: நாளை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், கூடவே, ஆட்களுக்குப் பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள். தளபதியை அவர் விளிப்பது தன் அரசன் என்று.

ஃபிரிசியர்களிடமும் இது தாமதமாக ஒருமுறை முயலப்பட்டது. கி.பி. 47இல் ரோமானியத் தளபதி கோர்புலோ அங்கே போய், நிலம் வரையறுத்து, அவர்களுக்கு ஒரு செனட், அதிகாரிகள், சட்டங்கள் எல்லாம் ஏற்படுத்தினார். ஆள் கேட்க வேண்டுமானால் முதலில் என்ன வேண்டுமோ அது. அடுத்து அவர் இன்னொரு ஜெர்மானிய இனமான சௌசிகளின் பக்கம் திரும்பியபோது, காவல்படைகளை ரைனுக்கு இப்பால் கொண்டுவா என்று பேரரசர் கிளாடியஸிடமிருந்து கடிதம். பழைய காலத்து ரோமானியத் தளபதிகள் கொடுத்துவைத்தவர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு கோர்புலோ திரும்பினார். சும்மா இருக்கும் சிப்பாய்களுக்கு வேலை வேண்டுமே என்று மியூஸ் ஆற்றுக்கும் ரைனுக்கும் இடையே 23 மைல் நீளக் கால்வாய் வெட்டவைத்தார். கிளாடியஸ் அவருக்கு வெற்றி விருது கொடுத்தார். இன்னொரு தளபதி கர்டியஸ் ரூஃபஸ், மட்டியாசிகள் என்ற ஜெர்மானிய இனத்தின் நிலத்தில் வெள்ளிச் சுரங்கம் தோண்டவைத்து அதே விருதை வாங்கினார். தோண்டித் தோண்டி அலுத்த சிப்பாய்கள் பேரரசருக்கு ரகசியமாக ஒரு மனு எழுதினார்கள்: இனித் தளபதிகளை நியமிக்கும்போதே விருதையும் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.